உப்பை யார் வெட்டினார்கள்?

அறிவியல் டீச்சராக இருப்பதில் ஒரு தொல்லை: வீட்டில் மிக்ஸி ஓடவில்லை என்றாலும் நம்மைத்தான் தேடுவார்கள், வானத்தில் புதிதாக ஏதாவது தெரிந்தாலும் நம்மைத்தான் கேட்பார்கள். இதே பாடத்தை எடுத்துத் தொண்டை கட்டியவர்கள் இதைப் படிக்கும்போதே தலையாட்டுவீர்கள். எனக்குக் கோவில்பட்டியில் வீடு. வேலை, சுற்றியுள்ள அரசுப் பள்ளிகளில், மாறுதல் எங்கே போட்டார்களோ அங்கே. என் பையில் சாப்பாட்டு டப்பாவுக்குப் பக்கத்தில் எப்போதும் ஒரு லென்ஸ் கிடக்கும்.

உப்பு

குளத்தூர்ப் பக்கம் ஒரு பள்ளி. வகுப்பில் பாதிப் பிள்ளைகளின் வீட்டில் யாராவது உப்பளத்து வேலைக்குப் போகிறவர்கள். அவர்களிடம் போய் உப்பைக் காட்டிப் பாடம் நடத்துவதா என்று எனக்கே கூச்சமாக இருந்தது. இருந்தாலும் படிகங்களைப் பற்றிய பாடத்துக்கு அதைவிட நல்ல பொருள் இல்லை. பள்ளியில் இருந்த ஒரே மைக்ராஸ்கோப்பில் ஒரு உப்புக்கல்லை வைத்தேன்.

முதலில் பார்க்க வந்தவள் ஆறாம் வகுப்பு செல்வி. வைத்த கண்ணை எடுக்கவில்லை. "கட்டம் கட்டமா இருக்கு டீச்சர்" என்றாள். அந்தக் கல்லைக் கரண்டியால் நொறுக்கி வைத்தேன். சின்னச் சின்னக் கட்டங்கள். "இன்னும் நொறுக்குங்க" என்றாள். நொறுக்கினேன். அதைவிடச் சின்னக் கட்டங்கள். அவள் அம்மா அன்றாடம் வாரிக் குவிக்கிற உப்புதான். செல்வி நிமிர்ந்து என்னைச் சந்தேகமாகப் பார்த்தாள். "நெசமாச் சொல்லுங்க டீச்சர், இத யாரு உக்காந்து வெட்டுனா?"

வீங்கும் மண்

அடுத்த பள்ளி கயத்தாறுக்குப் பக்கம். அங்கே தமிழாசிரியராக இருந்த அண்ணாச்சி ஊருக்கு வெளியே கரிசல் காட்டில் ஆசையாக ஒரு வீடு கட்டியிருந்தார். இரண்டாவது மழைக்கே சுவரெல்லாம் விரிசல். கட்டிய கொத்தனாரோடு பேச்சுவார்த்தையை முறித்துக்கொண்டார். அவரைப் பற்றி ஸ்டாஃப் ரூமில் அண்ணாச்சி பேசுகிற தமிழை இங்கே எழுத முடியாது.

ஒருநாள் வகுப்பில் இரண்டு கண்ணாடி டம்ளர்களில் பாதியளவு மண் போட்டேன். ஒன்றில் காய்ந்த கரிசல் மண், மற்றதில் செம்மண். மட்டத்தைப் பேனாவால் குறித்து, தண்ணீர் ஊற்றி, ஜன்னலில் வைத்துவிட்டுப் போனோம். காலையில் செம்மண் இருந்த இடத்தில் இருந்தது. கரிசல், பொங்க வைத்த பால் மாதிரி கோட்டைத் தாண்டி மேலே நின்றது. காய்ந்தால் சுருங்கி வெடிக்கும், நனைந்தால் வீங்கித் தூக்கும், மேலே வீடே இருந்தாலும் அதற்குக் கவலையில்லை என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொண்டிருந்தேன். வாசலில் நின்று கேட்ட அண்ணாச்சி உள்ளே வந்து டம்ளரைக் கையில் எடுத்தார். திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு மெதுவாகக் கேட்டார்: "அப்போ என் கொத்தனார் நல்லவனா டீச்சர்?"

நிழல் போன மத்தியானம்

தினமும் உச்சி வேளையில் சூரியன் நம் தலைக்கு நேர் மேலே நிற்கிறது என்றுதான் எல்லோரும் நினைத்திருக்கிறோம். நம் ஊரில் அது வருஷத்தில் இரண்டே நாள். அதில் ஒன்று சித்திரை வெயிலில் வரும். அன்று, அப்போதிருந்த பள்ளியில் பிள்ளைகளை வாலிபால் கம்பத்தைச் சுற்றி நிறுத்தினேன். கம்பத்தின் நிழல் முழ நீளம் இருந்தது, சாண் ஆனது, விரல் ஆனது, அப்புறம் இல்லை. பிள்ளைகள் தங்கள் காலடியைக் குனிந்து பார்த்தார்கள். சத்துணவு அக்கா கரண்டியோடு ஓடிவந்து, தன்னைத் தானே ஒரு சுற்றுச் சுற்றி நிழலைத் தேடினார்.

எங்கள் ஹெட்மாஸ்டர் சர்க்குலரில் வராத எதையும் நம்பாதவர். சத்தம் கேட்டு வந்தார். கையை நீட்டிப் பார்த்தார், மடக்கிப் பார்த்தார். பிறகு என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "டீச்சர், இதுக்கு மேலிடத்துல பெர்மிஷன் வாங்கியாச்சுல்லா?"

மின்னல்

புதூர்ப் பக்கத்துப் பள்ளியில் எட்டாம் வகுப்புக்கு மின்னல் பாடம். வெட்டவெளியில் தனியாக நிற்கிற மரத்தடிக்குப் போகாதீர்கள், ஓடி ஒதுங்க வீடு இல்லையென்றால் பள்ளமான இடத்தில் காலைச் சேர்த்துக் குந்தி, காதைப் பொத்திக்கொள்ளுங்கள் என்றேன். ஆடு மேய்க்கும் கருப்பசாமியின் மகள் பேச்சியம்மாள் எழுந்து, "ஆடு எப்படி டீச்சர் காதைப் பொத்தும்?" என்று கேட்டாள். வகுப்பே சிரித்தது. நானும் சிரித்தேன்.

அது ஐப்பசி. திங்கட்கிழமை பள்ளிக்குள் நுழையும்போதே பிள்ளைகள் சொன்னார்கள், பேச்சி வீட்டு ஆடுகள் இடி விழுந்து செத்துவிட்டன என்று. முதல் பீரியடில் கருப்பசாமியே வந்து வாசலில் நின்றார், பக்கத்தில் மகள். சண்டைக்கு வந்திருக்கிறார் என்றுதான் நினைத்தேன். நான் என்ன பாடம் நடத்தி என்ன?

அவர்தான் சொன்னார். சனிக்கிழமை காட்டில் மழை இறங்கவும், ஆடுகளை ஒத்தை வேப்பமரத்தடிக்கு ஓட்டியிருக்கிறார். "வேண்டாம்ப்பா, டீச்சர் சொல்லிருக்காவ" என்று மகள் கையைப் பிடித்து இழுத்திருக்கிறாள். "ஏட்டி, நனையாம நில்லுட்டி" என்று அதட்டியிருக்கிறார். அவள் அவர் கையை விட்டுவிட்டு, மழைக்குள் ஓடி ஒரு பள்ளத்தில் குந்திவிட்டாள். இவரும் பின்னாலேயே ஓடியிருக்கிறார். அவளை எட்டும்போது பின்னால் வெளிச்சம். இரண்டு பேரும் சேற்றில் விழுந்தார்கள். எழுந்து பார்த்தால் மரம் இரண்டாகப் பிளந்து கிடந்தது, அதன் அடியில் ஆடுகள்.

பேச்சியின் தலையில் கையை வைத்தேன். "மக பேச்சக் கேட்டீங்களே, அது போதும்ணே" என்றேன். அவர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "எங்க கேட்டேன்? அவள அடிக்கத்தான் டீச்சர் ஓடுனேன். அதான் உசுரோட நிக்குதேன்."

மொத்தத்தில் அறிவியல் டீச்சர் என்பவள், எல்லாவற்றுக்கும் காரணம் சொல்லச் சம்பளம் வாங்கிக்கொண்டு, பாதி நேரம் வாயைப் பிளந்து நிற்கிறவள்.