முகம் கட்டிய மத்தியானம்

கோணல்மாணலாகத்தான் எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். ஐந்தாம் வகுப்போடு நின்றவள். நாலு பேர் எதிரில் பேசவே கூசுவேன். நடந்ததில் பாதி மறந்தும் போயிற்று.

முகமூடியைப் பற்றி எழுதச் சொன்னார்கள். ஆரணியில் அந்தச் சொல் எங்களுக்கு சினிமாத் திருடனோடு சரி. கூத்தில் அரிதாரம் பூசினால் அது வேஷம். புது வீட்டு வாசலில் நாக்கைத் துருத்திக்கொண்டு தொங்குவது திருஷ்டி பொம்மை. பட்டுக்குச் சாயம் போடுகிறவர்கள் ஆவி ஏறாமல் மூக்கை மூடிக் கட்டுவது வெறும் துணி. மாசி அமாவாசையில், மயானக் கொள்ளைத் திருவிழாவுக்கு அங்காளம்மன் கோயிலிலிருந்து ஒரு ஆள் கட்டிக்கொண்டு புறப்படும் அம்மனின் மர உருவை மட்டும் 'முகம்' என்போம். அதைப் போய் முகமூடி என்றால் பெரியவர்கள் வாயிலேயே போடுவார்கள்.

எழுபதுகளின் கடைசி என்று நினைவு. என் மகளுக்கு நாலு வயது. காய்ச்சல் வந்து தெளிந்தாள், பேச்சு மட்டும் போய்விட்டது. வேலூரில் டாக்டர் காது, தொண்டை எல்லாம் பார்த்துவிட்டு, "வரும், காத்திருங்க" என்றார். ஆடி போயிற்று, தை போயிற்று, வரவில்லை. நாள் முழுக்கத் தறிக்குழி ஓரத்தில் குப்புறப் படுத்து, நெய்யும்போது உள்ளே மிதி மிதிக்கும் தன் அப்பாவின் காலையே பார்த்துக்கொண்டிருப்பாள். மிதித்து மிதித்து அவருக்கு வலது கால் கட்டைவிரல் வெளிப்பக்கம் வளைந்திருந்தது. அதை எட்டிப் பிடிப்பதுதான் அவளுக்கு விளையாட்டு.

தரையில் படுத்திருப்பவரை முகம் கட்டியவர் தாண்டினால் பிணி விலகும் என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. தானே முகம் கட்டிக் குழந்தையைத் தாண்டுவதாக என் வீட்டுக்காரர் வேண்டிக்கொண்டார். கட்டிவிட்டால் அவர் யாருக்கும் புருஷனில்லை, அப்பாவுமில்லை. கூப்பிடக் கூடாது. அவரும் பேச மாட்டார்.

"கொயந்தைய நம்ம தெருவுலயே போடு. கூட்டத்துல இஸ்துகினு வராதே" என்று சொல்லிவிட்டுக் காலையில் போனார்.

நல்ல வெயில். தெருவில் ஈரப் புடவையோடு பெண்கள் வரிசையாகப் படுத்திருந்தார்கள். மகளை நடுவில் படுக்கவைத்து, மஞ்சள் தண்ணீர்ச் சொம்போடு பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"இன்னாமே, வூட்டுக்காரரு காலுக்குத் தண்ணி ஊத்த வெக்கமா?" என்றாள் பக்கத்து வீட்டு அக்கா. "தெனம் திட்றதுக்கெல்லாம் இன்னிக்கி சேர்த்துக் கும்பிட்டுக்கோ."

படுத்திருந்தவர்கள்கூடச் சிரித்தார்கள். தெரு முனையில் பம்பைச் சத்தம் கேட்டது, பிறகு அப்படியே நின்றது. முகம் மட்டும் தனியாக வந்தது.

கறுத்த மரம், சிவந்த நாக்கு. அதற்குமேல் நான் நிமிர்ந்து பார்க்கவில்லை. குனிந்து காலில் தண்ணீர் ஊற்றினேன். பூசியிருந்த மஞ்சள் கரைந்து விரல்கள் தெரிந்தன. வலது கால் கட்டைவிரல் நேராக இருந்தது.

அந்தக் கால் மகளுக்கு மேலே உயர்ந்தபடி நின்றது. ஒரு எட்டில் தாண்டிவிடலாம். அது அவசரப்படவில்லை. மகள் தலையைத் திருப்பி அதைப் பார்த்தாள்.

"நைனா இல்ல" என்றாள்.

அப்பாவை நாங்கள் நைனா என்போம்.

"பேசிடுச்சு. கொயந்த பேசிடுச்சுமே" என்று அக்கா என் முதுகில் தட்டித் தட்டி அழுதாள். நான் நிமிர்ந்தபோது தெருவில் முகம் இல்லை.

மகளை இடுப்பில் தூக்கிக்கொண்டு கோயிலுக்கு ஓடினேன். வேப்ப மரத்தடியில் அவர் தலை நனைந்து உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் ஒரு கூடை, அதில் முகம், மேலே சிவப்புத் துணி.

"கொளத்தாண்டயே மயக்கம் வந்து வியுந்துட்டேன். நம்ம தெருவுக்கு வர முடியல" என்றார்.

"அப்போ வந்தது யாரு?"

பூசாரி என்னை ஒரு மாதிரி பார்த்தார். "கோயிலுக்கு இருக்கறதே ஒரு மொகம்தாம்மா. நான்தான் அவுத்துக் கூடையில எடுத்தாந்தேன்."

விரலைப் பற்றிச் சொன்னேன். என் வீட்டுக்காரர் குனிந்து தன் காலையே பார்த்துக்கொண்டிருந்தார். மகள் என் இடுப்பிலிருந்து இறங்கினாள். வளைந்த கட்டைவிரலைத் தொட்டுப் பார்த்த பிறகுதான் "நைனா" என்று அவர் மடியில் ஏறினாள்.

அதற்கப்புறம் அவள் பேச்சு நிற்கவில்லை. அவருக்குத்தான் பயம் விடவில்லை. தான் தாண்டாததால் கடன் தீரவில்லையோ, கொடுத்த பேச்சை அந்த முகம் திரும்ப வாங்கிக்கொள்ளுமோ என்று. மாசி வந்தால், "மறுபடி கட்டட்டுமா?" என்பார்.

மகள் கதவுக்குப் பின்னால் போய் நின்றுகொள்வாள். "வேணாம் நைனா. அதுக்குக் கோவம் வரும்."

அதனால் அவர் கட்டவேயில்லை. நான் மட்டும் வருஷா வருஷம் அந்த மத்தியானத்தில் வாசலில் மஞ்சள் தண்ணீர்ச் சொம்பு வைத்துக் கதவைச் சாத்திவிடுவேன். திறக்கும்போது சொம்பு காலியாக இருக்கும், படி ஈரமாக இருக்கும். தெரு நாய் தட்டிவிட்டிருக்கலாம்.

அவர் போய்ச் சேர்ந்துவிட்டார். மகள் தனக்கு எதுவும் நினைவில்லை என்கிறாள். அந்த வருஷம் வேறு தெருக்காரர்களோ, பக்கத்து ஊர் சேத்துப்பட்டு ஆட்களோ இன்னொரு முகம் கட்டி வந்தார்களா என்று கோயிலில் பழைய ஆட்களுக்குத் தெரிந்திருக்கும். எனக்குப் போய்க் கேட்கக் கூச்சம். யாராவது விசாரித்து, நான் எழுதியதில் தப்பிருந்தால் திருத்துங்கள். வந்தது ஆள்தான் என்று தெரிந்துவிட்டால், சொம்பு வைப்பதை நிறுத்திவிடுவேன்.