ரிட்டர்ன் அக்கா

எழுதியவரின் விளக்கத்தை ஒரு பழைய உறையால் மறைத்துக்கொண்டு, அச்செடுத்த நிரலை அக்கா கடைசி வரியிலிருந்து மேல்நோக்கிப் படித்து வருகிறார். மேலிருந்து படித்தால் எழுதியவன் சொல்லும் கதையை நம்பத் தோன்றிவிடும் என்பது அவர் கட்சி. நான்கு தாள், ஒரு சிவப்புப் பென்சில், ஆறிப்போன டீ. ஒவ்வொரு வரியின் கீழும் ஸ்கேலை நகர்த்துவார். ஸ்கேல் நின்றால் அந்த வரிக்குக் கண்டம்.

வாடகைக்குக் கணினி விடும் நிறுவனத்தில் வேலை. ஒரு பெரிய இயந்திரத்துக்குள் பத்துப் பன்னிரண்டு பொய்க் கணினிகள் ஓடும். ஒவ்வொன்றுக்கும் பொய்யாக ஒரு நெட்வொர்க் கார்டு. தகடும் இல்லை, கம்பியும் இல்லை, எல்லாம் வெறும் நிரல். அந்தக் கார்டு ஒரு பட்டியல் வைத்திருக்கும், அடுக்குமாடிக் காவலாளி வைத்திருப்பதைப் போல. பட்டியலில் உள்ள முகவரிக்குச் செய்தி வந்தால் உள்ளே விடும், மற்றதைத் திருப்பிவிடும். பட்டியல் நீண்டு கைக்கு அடங்காமல் போனால் "யார் வேண்டுமானாலும் வரலாம்" என்று ஒரு கொடியைத் தூக்கிவிடும். இந்த நிரல் பொதுச்சொத்து. பல நிறுவனத்தார் கூடி எழுதுவது. ஆனால் இந்தப் பட்டியல் பகுதியில் யார் கைவைத்தாலும், அக்கா "சரிபார்த்தேன்" என்று பெயர் போடாமல் ஒரு வரிகூட உள்ளே போகாது.

போகாததுதான் அதிகம். அதனால் வந்த பெயர்தான் "ரிட்டர்ன் அக்கா". கல்யாணப் பத்திரிகை கொண்டுவந்து கொடுத்த சொந்தக்காரரிடம் தேதிக்கும் கிழமைக்கும் பொருந்தவில்லை என்று அப்போதே திருப்பிக் கொடுத்தவர். "நல்ல வேளை, என்னைப் பொண்ணு பார்க்க வந்தப்போ இவளுக்கு இந்த வேலை இல்லை. இருந்திருந்தா நானும் ரிட்டர்ன்தான்" என்று கணவர் சொல்வார். பெண் பார்க்க வந்தது நீங்கள்தான், நான் இல்லை என்று அக்கா அதையும் திருத்துவார்.

பதினோரு வருடமாக இதே நாற்காலி. கழுத்து வலிக்கு ஒரு பட்டை, கண்ணுக்கு இரண்டு கண்ணாடி. இப்போதெல்லாம் மத்தியானம் தாண்டினால், "கண்ணு மட்டும்தான் படிக்குது, மண்டைக்குள்ள ஒண்ணும் போகல" என்கிறார். வேறு யாரிடமாவது கொடுத்துவிடலாம் என்றால் வாங்கிக்கொள்ள ஆள் இல்லை. நன்றி கெட்ட வேலை. சரியாகப் பார்த்தால் யாருக்கும் தெரியாது. தவறவிட்டால் ஊருக்கே தெரியும்.

இன்று கையில் இருப்பது ஐந்தாவது முறையாக வந்திருக்கும் ஒரு திருத்தம். புதுப் பட்டியல் வந்ததும் கார்டு பழையதைக் கிழித்துப் போட்டுவிட்டுத்தான் புதியதைப் படிக்கிறது. புதியது பழுதாக இருந்தால் பழையதும் இல்லை, புதியதும் இல்லை. கணினிக்குக் காது அடைத்துப்போகும். முதலில் புதியதை முழுக்கப் படித்துச் சோதி, பிறகு பழையதை எடு என்கிறது திருத்தம். எழுதியவர் வேறொரு நிறுவனத்துக்காரர், ஒரு டிக்கெட் கவுண்டரின் கணினியைக் கவனித்துக்கொள்பவர். ஐந்து வாரமாக அலைகிறார். அக்கா முதல் தடவை இடைவெளி சரியில்லை என்றார், இரண்டாம் தடவை பெயர் பொருந்தவில்லை என்றார், பிறகு வாக்கியம் புரியவில்லை, பிறகு ஒன்றை இரண்டாகப் பிரி. எல்லாம் நியாயமான குறைகள்தான்.

சொல்லவேண்டிய குறையைத்தான் சொல்லவில்லை. திருத்தம் எதுவானாலும், எந்தப் பழைய மாற்றத்தால் அந்தத் தவறு புகுந்தது, அதை எழுதியவர் யார் என்று அடியில் ஒரு வரி போடுவது இவர்கள் வழக்கம். பழைய பதிப்பை ஓட்டுகிறவர்கள் அந்த வரியைப் பார்த்துத்தான் தங்களுக்கும் இந்த மருந்து வேண்டும் என்று தெரிந்துகொள்வார்கள். இந்தத் திருத்தத்தில் அது இல்லை. பழையதைக் கிழித்துவிட்டுப் புதியதைப் படிக்கும் அந்த வரியை ஒன்பது வருடம் முன்பு எழுதியவர் அக்காவேதான். காற்புள்ளி விடுபட்டால் கண்டுபிடிக்கிறவர் இதை நான்கு முறை பார்க்காமல் விட்டார் என்றால் அவரை அறிந்தவர்கள் சிரிப்பார்கள். அவருக்கும் அது உறுத்திக்கொண்டுதான் இருக்கிறது.

மூன்று மணிக்கு அந்த டிக்கெட் கவுண்டர்காரரிடமிருந்து தொலைபேசி.

"அக்கா, இன்னைக்கு அஞ்சு மணிக்கு புதுப் பதிப்புக்குக் கதவைச் சாத்திடுவாங்க. விட்டா இன்னும் நாலு மாசம். தினம் பல்லு விளக்கறதுக்கு முன்னாடி போய் அந்த மெஷினை ரீஸ்டார்ட் பண்றேன் அக்கா. நானும் மனுஷன்தானே."

"பார்த்துட்டுதான் இருக்கேன் தம்பி."

போனை வைத்ததும் அக்கா "சரிபார்த்தேன்" என்று தட்டத் தொடங்கினார். பெயரைப் போட்டால் தொல்லை விட்டது. அடியில் வரி இல்லை என்று யாரும் கேட்கப்போவதில்லை. கேட்கவேண்டிய ஆளே அவர்தான். பாதித் தட்டலில் கை நின்றது. ஐந்தாவது முறை வந்ததை அடியிலிருந்து மூன்றாம் பக்கம் வரைதான் படித்திருந்தார், முதல் இரண்டு பக்கம் பாக்கி. ஒரு பெருமூச்சு விட்டு ஸ்கேலை எடுத்தார். இரண்டாம் பக்கத்தின் நடுவில் ஸ்கேல் நின்றது. உடனே அவரைக் கூப்பிட்டார்.

"தம்பி, கொடியை யார் இறக்குவாங்க?"

"எந்தக் கொடி அக்கா?"

"பழைய பட்டியல் நிரம்பி வழிஞ்சப்போ எல்லாரும் வரலாம்னு தூக்கினது. இப்போ வந்தது சின்னப் பட்டியல். கொடி மட்டும் அப்படியே நிக்குது. அடுத்தவங்களுக்கு வர்றதெல்லாம் இவங்களுக்கும் போகும்."

"ஐயோ."

"ஒரே வரிதான். எழுதி அனுப்புங்க. நான் எங்கயும் போகல."

நாலு இருபதுக்கு ஆறாவது வந்தது. ஒரே ஒரு வரி மாறியிருக்கிறது என்று தெரிந்தும் அக்கா நான்கு தாளையும் அடியிலிருந்து மறுபடி படித்தார். முடித்தபோது நாலு நாற்பத்தைந்து. மறுபடி கூப்பிட்டார்.

"எல்லாம் சரியா இருக்கு. ஆனா அடியில ஒரு வரி விட்டிருக்கீங்க. தப்பு எதனால வந்துச்சுங்கற வரி."

மறுமுனையில் தொண்டையைச் செருமும் சத்தம். "வேணும்னேதான் விட்டேன் அக்கா. அதுல உங்க பேர் இருக்கு. பார்த்துக் கையெழுத்துப் போடறவங்ககிட்டயே அதை நீட்ட ஒரு மாதிரி இருந்துச்சு."

"எனக்கு முதல் தடவையே தெரியும் தம்பி. அதைக் கேட்க வாய் வரல. அதான் கமாவையும் ஸ்பேஸையும் பிடிச்சுத் தொங்கிட்டு இருந்தேன். உங்களை அஞ்சு வாரம் அலைய விட்டது நான்தான்."

கோபப்பட்டால் படட்டும் என்று அக்கா காத்திருந்தார்.

"சரி, விடுங்க அக்கா," என்றார் கடைசியில். "மணி ஆகுது. அந்த வரி இல்லாமலே அனுப்பிடுங்க. யாரு பார்க்கப்போறாங்க?"

"நான் பார்ப்பேனே," என்று அக்கா போனை வைத்தார்.

இன்னும் பத்து நிமிடம் இருந்தது. ஒன்பது வருடத்துக்கு முந்தைய மாற்றத்தின் எண்ணைத் தேடி எடுத்து, தவறு புகுந்த இடம் என்ற வரியில் போட்டு, பக்கத்தில் தன் முழுப் பெயரையும் தட்டினார். அதற்குக் கீழே, சரிபார்த்தவர் என்ற வரியில், அதே பெயரை இன்னொரு முறை. பிறகு இரண்டு பெயர்களின் கீழும் ஸ்கேலை வைத்து, எழுத்து எழுத்தாகப் பார்த்து, அனுப்பினார்.