நாலாவது டேக்

சித்தி முதல்முறை ஓடி வந்தபோது இடுப்பில் கட்டியிருந்த படங்கை அவிழ்த்துக் கையில் பிடித்திருந்தார். தேயிலைக் கொழுந்து எடுக்கும் பெண்கள், செடி கீறாமலும் பனி நனைக்காமலும் இருக்க இடுப்பைச் சுற்றிக் கட்டுகிற தடித்த விரிப்பு அது. அவருக்குப் பின்னால் இன்னும் ஆறு பெண்கள், மூச்சிரைக்க. எங்கள் நாயகி அப்போதுதான் பாழடைந்த பங்களாவின் வாசலில் நின்று தொண்டை கிழிய அலறி முடித்திருந்தாள். கேமரா ஓடிக்கொண்டிருந்தது. பேய் வரவேண்டிய இடத்தில் என் சித்தி வந்து நின்றார்.

"எங்கடா குளவி?" என்றுதான் கேட்டார்.

ஹட்டன் பக்கத்துத் தோட்டத்தில் பிறந்த எனக்கு விளங்கியது. கொழும்பிலிருந்து வந்த படக்குழுவுக்கு விளங்கவில்லை. மலையில் ஒரு பெண் அலறினால் எங்களுக்கு ஒரே அர்த்தம்தான். குளவி கொட்டுகிறது. கேட்டவர்கள் கூடையைப் போட்டுவிட்டு, கையில் கிடைத்த படங்கோ சாக்கோ எடுத்துக்கொண்டு ஓட வேண்டும். கொட்டுப்பட்டவரைக் குப்புறப் படுக்கவைத்து மூட வேண்டும். இதில் யாரும் யோசித்துக்கொண்டு நிற்பதில்லை.

இயக்குநர் நல்ல மனிதர், ஆனால் பேய்ப்படம் என்று வந்துவிட்டால் சரியான பிடிவாதக்காரர். பேயைக் காட்டிவிட்டால் பயம் போய்விடும் என்பார். இசையை நிறுத்து, காற்றின் சத்தத்தைக்கூடக் குறை, பார்ப்பவருக்குத் தன் மூச்சே கேட்கட்டும், அதற்குப் பிறகு அலறலை விடு என்பார். அந்த அமைதியைத் தேடித்தான் இவ்வளவு தூரம் வந்திருந்தோம். இரண்டாவது டேக்கிலும் பெண்கள் ஓடி வந்தார்கள். மூன்றாவதில் சிரித்துக்கொண்டே வந்தார்கள், ஆனாலும் வந்தார்கள். பனிமூட்டம் கலையத் தொடங்கியிருந்தது. "உங்க ஊர்தானே, நீங்களே போய்ச் சொல்லுங்க" என்று இயக்குநர் என்னை விரட்டினார்.

உதவி இயக்குநர் என்ற மிடுக்கோடு இறங்கிப் போனேன். இப்போது நினைத்தால் என் கன்னத்தில் நானே அறைந்துகொள்ளலாம் போலிருக்கிறது.

"இனிமே சத்தம் கேட்டா யாரும் வராதீங்க. எல்லாம் படத்துக்குத்தான். புடிச்சு முடிக்கிற வரைக்கும் நீங்களும் பேசாம இருங்க. பக்கத்து மலையிலயும் சொல்லிருங்க."

பெண்களின் வேலையை மேற்பார்வை பார்த்துக்கொண்டிருந்த கங்காணி தயங்கினார். சித்திதான் எனக்காகப் பேசினார். "விடுங்க கங்காணி. புள்ள வேலை கெட்டுறப் போகுது."

நாலாவது டேக் தொடங்கியது. ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு கேட்டேன். கீழே பெண்களின் பேச்சு இல்லை, கங்காணியின் அதட்டல் இல்லை. அப்படி ஓர் அமைதியை அந்த மலையில் நான் கேட்டதே இல்லை. இயக்குநர் என்னைப் பார்த்துக் கட்டைவிரலை உயர்த்தினார். எனக்குப் பெருமை தாங்கவில்லை. பிறகு அலறல் வந்தது. இயக்குநர் கண்ணை மூடி ரசித்தார். நான் நாயகியைப் பார்த்தேன். அவள் வாய் மூடியிருந்தது. அவளும் மிரண்டுபோய் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

விளிம்புக்கு ஓடி எட்டிப் பார்த்தேன். கீழ்ச்சரிவில் குளவிகள் கறுப்பாகச் சுழன்றன. மரத்திலிருந்த கூட்டைக் கழுகு கலைத்துவிட்டதாகப் பின்னால் சொன்னார்கள். சித்தியோடு இருந்தவர்கள் சிதறி ஓடிக்கொண்டிருந்தார்கள். பக்கத்து மலையில் இருந்தவர்கள் நிமிர்ந்து பார்த்தார்கள், சிரித்தார்கள், மறுபடி குனிந்து கொழுந்தெடுத்தார்கள். நான் சொல்லி அனுப்பியதை அப்படியே கேட்டார்கள்.

"படமில்ல! குளவி! ஓடியாங்க!" என்று கத்தினேன். ஒருத்தி எனக்குச் சிரித்தபடி கையசைத்தாள். அதுவும் நடிப்பு என்று நினைத்திருக்கிறாள்.

நானே சரிவில் இறங்கி ஓடினேன். எத்தனை முறை விழுந்தேன் என்று தெரியாது. நான் விழுந்து எழுவதைப் பார்த்த பிறகுதான் அவர்கள் கூடைகளைப் போட்டார்கள். சித்தி குப்புறக் கிடந்தார். அவருடைய படங்கு அவர் மேல் இல்லை. பக்கத்து நிரையில் கொழுந்தெடுத்த பெண்ணை அதைக்கொண்டு மூடியிருந்தார். அலறியது அந்தப் பெண்தான். இருவரையும் படக்குழு வேனில் ஏற்றினோம். ஆஸ்பத்திரி போய்ச் சேரும்வரை சித்தியின் மூக்கருகே விரலை வைத்துக்கொண்டே இருந்தேன். இரண்டு நாள் அவருக்கு நினைவில்லை. பிழைப்பாரா என்று டாக்டரைக் கேட்கப் பயந்து வராந்தாவிலேயே கிடந்தேன்.

பிழைத்துவிட்டார். இப்போதும் கொழுந்துக்குப் போகிறார். நானும் இன்னும் பேய்ப்படங்களில்தான் வேலை செய்கிறேன். வேறு தொழில் தெரியாது. ஆனால் படத்தொகுப்பு அறையில் யாராவது, அலறலுக்கு முன்னால் அமைதியை இன்னும் இரண்டு நொடி நீட்டலாம் என்றால், எழுந்து வெளியே போய்விடுகிறேன். ஏன் என்று கேட்கிறார்கள். நான் சொன்னதில்லை.

ஆஸ்பத்திரியில் மூன்றாம் நாள்தான் சித்தி பேசினார். முகம் வீங்கிக் கண் திறக்க முடியவில்லை. நான் கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு அழுதேன். யாரையும் வரவிடாமல் செய்தது நான்தான் என்றேன். என் தலையைத் தடவித் தேடிப் பிடித்துக்கொண்டார்.

"அழாதடா. மொதல்ல என்னையத்தான் கொட்டுச்சு. நாலஞ்சு கொட்டு வரைக்கும் வாயப் பொத்திக்கிட்டுத்தான் இருந்தேன். ஒன் படம் ஓடிக்கிட்டு இருந்துச்சே."