சப்பாத்தோடு ஆடுகிறவர்கள்

படம் ஆடினது

சுவரில் முருகன் படம் ஆடத் தொடங்கியது. ஓடிப்போய்ப் பிடித்தேன். என்னைப்போல மண்டபம் பார்த்துக்கொள்கிற உங்களுக்குத் தெரியும், எது விழுந்தாலும் பிழை எங்களுடையதுதான்.

ஏ-லெவல் படிப்பைப் பாதியில் விட்ட எனக்கு, புலம்பெயர்ந்து வந்த எங்கள் தமிழ் ஆட்களின் மண்டபத்தைத் திறக்கிறதும் கூட்டுறதும் வேலை. சனிக்கிழமை பரதநாட்டிய வகுப்பு முடிய, புதிதாக வந்த உக்ரைன்காரர் ஹோபாக் என்கிற தங்கள் நடனத்தை ஆடுவார்கள். பெண்கள் ரிப்பன் பறக்கச் சுழலுவார்கள். ஆண்கள் குந்தியபடியே காலை உதைத்து, அப்படியே மேலே பாய்வார்கள்; அந்த அதிர்வில்தான் படம் ஆடினது. எல்லார் காலிலும் முழங்கால் வரை சிவப்புச் சப்பாத்து. எங்கள் மண்டபத்துக்குள் சப்பாத்தோடு ஒருவரும் வருவதில்லை. கழற்றச் சொன்னேன். வாசலில் நின்ற பரதநாட்டியப் பிள்ளைகளைக் காட்டி உக்ரைன்காரரின் டீச்சர் ஒக்சானா சொன்னா: "முதலில் அவர்கள் காலில் இருக்கிற மணியைக் கழற்று. பிறகு நாங்கள் கழற்றுகிறோம்."

விழுந்தது

முந்தி சண்டையிலிருந்து உயிரோடு திரும்பினவர்கள் சந்தோசத்தில் ஆடினதாம் இந்த ஆட்டம். வட்டமாக நின்று கைதட்ட, ஒவ்வொருவராக நடுவில் போய்த் தனக்கு ஏலுமானதைச் செய்யலாம். ஒருநாள் என்னையும் பிடித்து நடுவில் தள்ளினார்கள். குந்தினேன், உதைத்தேன், பின்பக்கமாக விழுந்தேன்.

பள்ளிக்கூடத்தில் நான் எழும்பி நின்றாலே சிரிப்பார்கள். இவர்கள் நான் விழுந்ததுக்கும் கைதட்டினார்கள். அதுக்கு எப்படி நன்றி சொல்லுறது என்று இன்னும் தெரியவில்லை. அவர்களில் பஸ் ஓட்டுகிற அந்திரியின் தம்பி அங்கே, உக்ரைன் போர்முனையில். சிக்னல் கிடைத்தால் அந்திரியின் போனில் வீடியோவில் வந்து ஆட்டம் பார்ப்பான். அன்றைக்கும் பார்த்தான். அந்திரி என்னைத் தூக்கி விட்டுச் சொன்னது: "என் தம்பி கனகாலத்துக்குப் பிறகு சிரித்தான். அடுத்த கிழமையும் வந்து விழு."

ஓம் என்றது

தரையில் சப்பாத்து கீறின கறுப்புக் கோடுகளைக் கண்டுவிட்டார் மண்டபத் தலைவர் செல்வம் அண்ணை. வெறுங்காலோடு ஆடுகிற பிள்ளைகளுக்காகப் போட்ட மரத்தரை. அவர் கோபத்திலும் நியாயம் இருக்கு. ஆனால் உக்ரைன்காரருக்குச் சத்தத்துக்காகப் பழைய இடமும் போய்விட்டது, வேறு இடம் இல்லை. அதைச் சொன்னேன். அண்ணை கேட்கவில்லை. "சப்பாத்தைக் கழட்டச் சொல்லு, இல்லாட்டி இண்டையோட வேற இடம் பாக்கச் சொல்லு. ஏலாதெண்டால் அவையளோட நீயும் போ."

ஓம், சொல்லுறேன் என்றுதான் உள்ளே போனேன். உட்காருகிற கதிரையில் சாய்த்து வைத்திருந்தது அந்திரியின் போன். போன சனி லைனில் வராத தம்பி அதில் சிரித்துக்கொண்டிருந்தான். அந்திரி நடுவில், சப்பாத்தோடு, தரையிலேயே இல்லை.

சொல்லச் சொன்னதை நான் இன்னும் சொல்லவில்லை. அண்ணை கேட்டால், பாட்டுச் சத்தத்தில் அவையளுக்குக் கேட்கவில்லை என்பேன்.