கறுப்புத் துணி விற்காத தேர்தல்

துணிக்கடை வேலை என்பது, வாங்கப் போகாதவர்களுக்குப் பகல் முழுக்கத் துணியைப் பிரித்துக் காட்டிவிட்டு, சாயங்காலம் அத்தனையையும் திரும்ப மடிக்கிற வேலை. ஹட்டன் கடைவீதியில் ஒரு மொதலாளியிடம் அப்படிப் பிரித்தும் மடித்தும் நான் பல வருஷம் நின்றிருக்கிறேன். என்னைப் போலவே கடையில் நின்றே காலம் தள்ளிய உங்களுக்கு இதையெல்லாம் விளக்க வேண்டியதில்லை. நம்முடைய முழங்காலைக் கேட்டாலே சொல்லும்.

அந்தக் கடையில் நான் பட்ட பாட்டிலேயே பெரும் பாடு, தேயிலைத் தோட்டத்து ஜனங்களுக்கும் ஓட்டு வந்த முதல் தேர்தலில் பட்டது. முப்பதுகளின் தொடக்கம். எழுத்துத் தெரியாதவர்கள் நிறையப் பேர் என்பதால், நிற்கிற ஆளுக்கொரு நிறத்தில் பெட்டி வைத்தார்கள். எந்தப் பெட்டியில் சீட்டைப் போடுகிறோமோ அந்த ஆளுக்கு ஓட்டு. எங்கள் பக்கம் நின்றவர்கள் இரண்டு பேர். ஒருவர் வக்கீல், வெள்ளைக்காரத் துரைமாரும் பெரிய கங்காணிமாரும் நிறுத்திய ஆள். இன்னொருவர் அக்கரப்பத்தனைப் பக்கம் தோட்டப் பள்ளிக்கூடத்தில் வாத்தியாராக இருந்து, துரையை எதிர்த்துப் பேசியதால் வேலை போனவர். வக்கீலுக்குச் சிவப்புப் பெட்டி. வாத்தியாருக்குக் கறுப்பு.

நிறம் என்று வந்துவிட்டால் துணிக்கடைக்காரனை நிம்மதியாக விடுவார்களா?

மொதலாளியின் ஜோசியம்

எங்கள் மொதலாளி நல்ல மனுஷர்தான். ஆனால் ஒரு யோசனை தலைக்குள் போய்விட்டால் அதை வெளியே எடுக்க யாராலும் ஆகாது. வாயால் பொய் சொல்வார்கள், துணி எடுக்கும்போது பொய் சொல்ல மாட்டார்கள் என்பது அவர் கட்சி. எந்த நிறத் துணி அதிகம் போகிறதோ அந்த நிறத்துக்காரர்தான் ஜெயிப்பார் என்று சொல்லி, கொழும்பிலிருந்து சிவப்புத் துணி மூட்டை மூட்டையாக வரவழைத்தார். அதைத் தூக்கிப் பரண்மேல் வைத்தது யார் என்று கேட்காதீர்கள். இன்னும் மழைக்காலத்தில் இடுப்பு பிடித்துக்கொள்கிறது.

கறுப்பு கொஞ்சம் வரவழைக்கலாமா என்று கேட்டேன். கோட்டுக்கு உள்பக்கம் தைக்கிற கறுப்புத் துணி மூலையில் கிடந்ததே தவிர, வேறு கறுப்பு எங்கள் கடையில் கிடையாது. கல்யாணத்துக்கா, கோயிலுக்கா, எதற்குக் கறுப்பு விற்கும்? மொதலாளி என்னை ஏற இறங்கப் பார்த்தார். "போய்யா, வாத்தியாருக்கு அவரு வீட்டு ஓட்டே விழாது. அவரு பொண்டாட்டி கறுப்புச் சேல கட்டுவாளா, கேட்டுட்டு வா!"

கறுப்புக் கழுத்துப்பட்டி

ஆனால் கறுப்பு கேட்டு ஒருத்தன் வரத்தான் செய்தான். எதிர்த்த புகையிலைக் கடைக்காரரின் மகன். இங்கிலீஷ் பள்ளிக்கூடம் முடித்துவிட்டு அப்பாவின் கடைக்கும் எங்கள் கடைக்கும் நடுவில் நின்று நாட்டைத் திருத்திக்கொண்டிருந்தவன். கழுத்துப்பட்டி தைக்கக் கறுப்புத் துணி வேண்டும் என்றான். கோட்டுத் துணியை வெட்டிக் கொடுத்தேன். அதைக் கட்டிக்கொண்டு வாத்தியாருக்காகக் கடைவீதி முழுக்கக் கத்தினான். பஸ்ஸை நிறுத்தி, ஏறி, கத்தி, இறங்கினான். அவன் அப்பா வெளியே வந்து அவனை உள்ளே இழுத்துக்கொண்டு போவது எங்களுக்குத் தினமும் நடக்கிற கூத்து.

ஒருநாள் தொண்டை கட்டிப் போய் வந்து தண்ணீர் கேட்டான். "தம்பி, நீ எந்தப் பள்ளிக்கூடத்துல ஓட்டுப் போடப் போற?" என்று கேட்டேன். இன்னும் கொஞ்சம் தண்ணீர் கேட்டான். வயது இன்னும் வரவில்லையாம். பட்டியலில் பேரே கிடையாதாம். எனக்குச் சிரிப்பு வந்தது, பாவமாகவும் இருந்தது. அவனுக்கு ரெண்டும் பிடிக்கவில்லை. "ஓட்டு இல்லாட்டி என்னண்ணே, வாய் இருக்குல்ல!"

சிவப்புச் சேலை

ஒரு தோட்டத்தில் மருந்து கொடுக்கிற டிஸ்பென்சர் ஐயாவின் சம்சாரம் வந்தார். வக்கீலின் கூட்டத்துக்குத் துரையும் துரைசாணியும் வருகிறார்களாம், முன்வரிசையில் உட்காரச் சிவப்புச் சேலை வேண்டுமாம். பிரித்தேன். பிரித்தேன். இது அடர்த்தி, இது வெளிறல், இது மிளகாய்ச் சிவப்பு, இது செங்கல் சிவப்பு. கடையில் இருந்த சிவப்பு முழுவதும் என் மடியில் கிடந்தது. கடைசியில் முதலில் காட்டியதையே எடுத்தார். நம் தொழிலில் இது புதிதா என்ன?

கட்டிக் கொடுக்கும்போது, "அப்ப உங்க வீட்டு ஓட்டு ரெண்டும் வக்கீலுக்குத்தான்" என்று ஒரு வார்த்தை சொன்னேன். வாடிக்கையாளரிடம் எதையாவது பேசி வைக்க வேண்டுமே. அம்மா வாசல் பக்கம் பார்த்தார். ஐயா வெளியே சுருட்டோடு நின்றுகொண்டிருந்தார். "சேல அவருக்காகக் கட்டுறேங்க. சீட்ட நான்தானே போடப் போறேன்!"

பெரிய கங்காணி வந்தார்

தோட்டத்தில் ஆட்களைக் கட்டி மேய்க்கிறவர் பெரிய கங்காணி. துரை ஒரு சொல் சொன்னால் இவர் பத்துச் சொல் சொல்வார். எங்கள் கடைக்குப் பெரிய வாடிக்கை. அவர் தன் ஆட்கள் அத்தனை பேருக்கும் கையில் கட்ட சிவப்புத் துண்டு கிழிக்கச் சொன்னார். கிழித்தேன். விரல் நுனியெல்லாம் சிவந்து போகிறவரைக்கும் கிழித்தேன். மூட்டையைத் தூக்க மூன்று பெண்களைக் கூட்டிக்கொண்டு வந்திருந்தார். அதில் ஒருத்தி பேச்சி.

பேச்சியின் கதை கடைவீதிக்கே தெரியும். அவள் புருஷன் வாத்தியாரின் நோட்டீசைத் தோட்டத்தில் கொடுத்தான் என்று அவனுக்குப் பத்துச்சீட்டு கொடுத்துவிட்டார்கள். பத்துச்சீட்டு கொடுத்தால் வேலையும் போச்சு, தோட்டத்துக்குள் கால் வைக்கவும் முடியாது. அவன் பொகவந்தலாவைப் பக்கம் வேலை தேடி அலைந்தான். இவள் தேயிலைக் கொழுந்து எடுக்கிறவள் என்பதால், லயம் என்கிற வரிசை வீடுகளில் ஒரு காம்பராவில் இரண்டு பிள்ளைகளோடு இருக்க விட்டிருந்தார்கள். எங்கள் எல்லார் முன்னாலும் கங்காணி அவளைப் பார்த்து, "ஒங்க லயத்துல சிவப்பு கொறஞ்சா மொதப் பத்துச்சீட்டு ஒனக்குத்தான். காம்பராவக் காலி பண்ணிட்டுப் போயிக்கிட்டே இருக்கணும்" என்றார். எனக்கு வந்த கோபத்தில் துணி கோணலாகக் கிழிந்தது. அதற்கும் மொதலாளியிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

கங்காணி தேத்தண்ணி குடிக்கப் போன சமயம் பார்த்துப் பேச்சி என்னிடம் வந்தாள். எந்தப் பெட்டியில் யார் போட்டது என்று அவர்களுக்குத் தெரியுமா என்று கேட்டாள். மறைப்புக்குள் ஒரு ஆளாகத்தான் போக வேண்டும், யாருக்கும் தெரியாது என்று அடித்துச் சொன்னேன். அவள் மூட்டையைத் தலையில் ஏற்றிக்கொண்டாள். "தெரியாதுன்னு நீங்க சொல்றீங்க அண்ணே. தெரியும்னு அவரு சொல்றாரே."

வாத்தியார்

வாத்தியாரே ஒருநாள் கடைக்குள் வந்துவிட்டார். நல்லவேளை, மொதலாளி சாப்பிடப் போயிருந்தார். குடை கிழிந்திருந்தது, செருப்பு முழுக்கச் சேறு. பூண்டுலோயாப் பக்கம் லயம் லயமாக நடந்துவிட்டு வருகிறாராம். உட்காரச் சொன்னேன். உட்கார்ந்தால் எழுந்திருக்க மனசு வராது என்று நின்றபடியே பேசினார். அந்த ஒரு பேச்சில் எனக்கு அவரைப் பிடித்துப் போயிற்று.

கறுப்பு எவ்வளவு விற்றது என்று கேட்டார். மொதலாளியின் ஜோசியம் அவர் காதுக்கும் போயிருக்கிறது. பொய் சொல்ல வாய் வரவில்லை. ஒரு கழுத்துப்பட்டிக்கு விற்றது, அந்தத் தம்பிக்கும் ஓட்டில்லை என்றேன். மனுஷர் இடிந்து போவார் என்று பயந்தேன். அவரோ குடையை உதறிக்கொண்டு சிரித்தார். "அதனால என்னங்க, துணி வாங்க முடிஞ்சவங்ககிட்ட நான் ஓட்டே கேக்கலியே!"

மழை

ஓட்டுப் போடும் நாள் விடிந்தபோதே மழை. ஆனி மாதத்து மழை தெரியுமல்லவா, பெய்யவும் பெய்யாது, நிற்கவும் நிற்காது. மொதலாளி கடை வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார், சிவப்பை எண்ணுவதற்காம். என்னையும் பக்கத்தில் நிற்க வைத்தார்.

தோட்டத்து ஜனங்கள் மலையிலிருந்து இறங்கி வந்தார்கள். சாரி சாரியாக, பிள்ளையும் குட்டியுமாக. சிவப்பு ஒன்றுகூடக் கண்ணில் படவில்லை. தலையிலிருந்து முழங்கால் வரைக்கும் ஒவ்வொருவர் மேலும் கறுப்புக் கம்பளி. மழைக்கும் குளிருக்கும் மலையில் எல்லாரும் போட்டுக்கொள்கிற கம்பளி, தோட்டத்தில் கொடுத்துச் சம்பளத்தில் பிடித்துக்கொள்வது. எங்கள் கடையில் அது விற்பதில்லை. வருஷக்கணக்காகக் கண் முன்னால் பார்த்த கம்பளிதான், ஆனால் மொதலாளியும் சரி, நானும் சரி, அதை ஒரு துணி என்றே நினைத்ததில்லை. தெரு முழுக்கக் கறுப்பாகப் போய்க்கொண்டே இருந்தது. மொதலாளி நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார்.

பொறுக்க முடியாமல் ஒரு கிழவரை மறித்து, "எங்கய்யா நம்ம சிவப்புத் துண்டு?" என்று கேட்டார். கிழவர் கம்பளியை விலக்கிக் கையைக் காட்டினார். துண்டு இருந்தது. பிறகு பயபக்தியோடு மூடிக்கொண்டார். "உள்ளதாங்க இருக்கு மொதலாளி. ஒங்க கடைத் துணி, நனஞ்சா சாயம் போயிருமேன்னு!"

கொழுந்து யார் எடுப்பது

வாத்தியார் ஜெயித்தார். கொஞ்ச நஞ்சமில்லை, நன்றாகவே ஜெயித்தார். புகையிலைக் கடைத் தம்பிக்குத் தொண்டை அன்றோடு போனது, ஒரு வாரம் ஊர் அமைதியாக இருந்தது. மீந்த சிவப்பை நான் திரும்பவும் பரண்மேல் ஏற்றினேன்.

பெரிய கங்காணி வந்தார். முகம் பார்க்கச் சகிக்கவில்லை. துரை அவரைக் கூப்பிட்டு நாறடித்திருக்கிறார். சோறு தின்றவர்களே துரோகம் செய்துவிட்டார்கள் என்று மேசையைத் தட்டினார். மொதலாளி சமாதானமாக, "அந்தப் பேச்சி இருக்கிற லயத்தையே காலி பண்ணிருவீங்களோ?" என்று கேட்டார். கங்காணி அவரை விவரம் தெரியாத ஆளைப் பார்ப்பது போலப் பார்த்தார். "லயத்தையே அனுப்பிட்டா கொழுந்த நீங்களா எடுப்பீங்க? ஒருத்திய அனுப்புனா போதும், மத்ததுக தானா அடங்கும்."

கடை வாசலில்

அடுத்த வாரம் பேச்சி எங்கள் கடை வாசல் தாழ்வாரத்தில் ஒதுங்கி நின்றாள். மழைதான். தலைமேல் ஒரு மூட்டை, கையில் ஒரு சட்டி, கம்பளிக்குள் இரண்டு பிள்ளைகள். பொகவந்தலாவை பஸ்ஸுக்குக் காத்திருந்தாள். புருஷனுக்கு இன்னும் வேலை கிடைக்கவில்லை. ஏதோ ஒரு மாட்டுக் கொட்டகை ஓரத்தில் படுத்துக்கொண்டிருக்கிறானாம், அங்கேதான் போகிறாள். கடைக்குள் வந்து நில் என்றேன். வாங்காமல் எப்படி உள்ளே வருவது என்றாள். நாள் முழுக்க வாங்காதவர்களுக்குத்தானே நான் பிரித்துக் காட்டுகிறேன்!

வாத்தியாரிடம் போய்ச் சொல்லேன், இப்போது அவர்தானே நம் ஆள் என்றேன். போய்ப் பார்த்தாளாம். அவர் அரசாங்க சபைக்குக் கொழும்பு போயிருக்கிறார், வந்ததும் கட்டாயம் பார்ப்பார் என்று அவர் வீட்டில் சொன்னார்களாம். நல்ல மனுஷர், பார்க்கவும் பார்ப்பார். ஆனால் அதுவரை பிள்ளைகள் எங்கே படுக்கும்? எனக்கு ஆற்றாமை தாங்கவில்லை. "கறுப்புல ஒரு சீட்டுப் போட்டதுக்கு இவ்வளவு பாடா தாயி" என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டேன்.

பேச்சி பிள்ளைகளைக் கம்பளிக்குள் இன்னும் இழுத்துக்கொண்டு, மெதுவாகச் சொன்னாள். "நான் சிவப்புலதாண்ணே போட்டேன். ரெண்டு புள்ளைய வச்சுக்கிட்டு எங்க போறதுன்னு பயந்து போட்டேன். எங்க லயத்துலயே சிவப்புல போட்டது நான் ஒருத்தியாத்தான் இருக்கும். எங்க வீட்டுக்காரரப் பாத்தா சொல்லிறாதீங்க, நானும் கறுப்புல போட்டேன்னு நெனச்சுக்கிட்டிருக்காரு, அந்தச் சந்தோசமாவது இருக்கட்டும்."

வாத்தியாருக்கு ஓட்டுப் போட்டவர்கள் யார் யார் என்று ஊரில் இன்றைக்கும் என்னைக் கேட்கிறார்கள், போட்டவர்கள் எல்லாரும் அவரவர் காம்பராவில் இருந்தார்கள், போடாதவள்தான் பஸ் ஏறிப் போனாள் என்பதற்கு மேல் எனக்கு ஒன்றும் தெரியாது.