கண்ணாடிக்கடைக்காரரின் கோணல் கார்

எழுத்துப் பலகையை எதிரே மாட்டி, "கடைசி வரி தெரியுதா? நல்லாப் பாருங்க" என்று நாள் முழுக்க அடுத்தவர் கண்ணைச் சோதிப்பதுதான் கண்ணாடிக்கடைக்காரரின் பிழைப்பு. ஆனால் தன்னுடைய பழைய சிவப்பு ஸ்போர்ட்ஸ் கார் பதினோரு வருஷமாக இடதுபக்கமே இழுப்பது மட்டும் அவர் கண்ணில் படவில்லை. ஸ்டியரிங்கைக் கால் சுற்று வலப்பக்கம் திருப்பிப் பிடித்தபடியே ஓட்டுவார். கேட்டால், "ரோடு சாஞ்சிருக்கு" என்பார். எல்லா ரோடும்.

வண்டியில் இரண்டே இருக்கை. முதல் நாள் ஏறிய அவர் மனைவி, ஒரு விளக்குக் கம்பம் தன் முழங்கையை நலம் விசாரிக்க வந்ததும் இறங்கியவள்தான். அன்றிலிருந்து அந்த இருக்கையில் ஸ்பேனர் பெட்டி சவாரி செய்தது. தையல்காரியான அவளோ சமையலறை ஓரத்தில், மிஷினுக்கும் அடுப்புக்கும் நடுவே மாட்டிக்கொண்டு தைத்தாள். காற்றோட்டமான ஷெட்டில் கார் ஜம்மென்று தூங்கியது.

போன வாரம் அவள் முடிவாகச் சொல்லிவிட்டாள். "ஞாயித்துக்கிழமை தங்கச்சி வீட்டுக்குப் போறோம். இது என்னை நேரா கொண்டுபோய்ச் சேர்த்தா இருக்கட்டும். இல்லேன்னா திங்கக்கிழமை பழைய இரும்புக்காரர் வருவாரு. ஷெட்டுல என் மிஷின் ஏறும்."

அவர் ஆடிப்போனார். கடைக்கதவில் 'உடல்நலக் குறைவு' என்று எழுதி ஒட்டினார். யாருடைய உடல் என்று எழுதவில்லை.

ஜாக்கி வைத்து முன்பக்கத்தைத் தூக்கினார். சக்கரத்தைத் தாங்கும் இரும்புக் கைகளைக் கழற்றினால், உள்ளே இருந்த ரப்பர் புஷ்கள் நமத்துப்போன பிஸ்கட்டாய் உதிர்ந்தன. புதியவற்றைத் திணித்தார். ஸ்டியரிங்கைச் சக்கரத்தோடு இணைக்கும் டைராடு கம்பிகளின் முனைகளை மாற்றினார். மனைவியின் நூல்கண்டை லவட்டிவந்து, சக்கரங்கள் நேராக இருக்கின்றனவா என்று நூல் பிடித்துப் பார்த்தார். கடைசியில் எல்லா நட்டையும் பல்லைக் கடித்து முறுக்கிவிட்டு ஜாக்கியை இறக்கினார்.

ஜாக்கி இறங்கியது. கார் இறங்கவில்லை. மாமியார் வீட்டுக்கு வந்த புது மாப்பிள்ளைபோல மூக்கைத் தூக்கிக்கொண்டு நின்றது. தெருவைச் சுற்றிவந்தார். முன்பு இடப்பக்கம் மட்டும் இழுத்தது, இப்போது பாரபட்சமில்லாமல் இரண்டு பக்கமும் இழுத்தது.

சனிக்கிழமை மதியம் நூல்கண்டைத் தேடிக்கொண்டு, கழுத்தில் அளவு நாடாவோடு மனைவி வந்தாள். வந்த கையோடு ஷெட் சுவரை அளந்து சாக்கட்டியால் கட்டம் போட்டாள். பிறகு குனிந்து பார்த்தாள்.

"இந்த ரப்பர் ஏன் இப்படி முறுக்கிக்கிட்டு இருக்கு?"

"புதுசு. போகப் போகப் பழகிடும். இது ஸ்போர்ட்ஸ் லுக்."

"நட்டை எப்ப இறுக்குனீங்க? வண்டி அந்தரத்துல தொங்கறப்பவா?"

"பின்னே, தலைமேல இறக்கிக்கிட்டா இறுக்குவாங்க?"

"கையைத் தூக்க வச்சு அளவெடுத்து சட்டை தச்சா, கையை இறக்கினதும் அக்குள்ல பிடிக்காதா? பாரம் இறங்கி நிக்கறப்பல்ல இறுக்கணும்!"

"கார் என்ன சட்டையா? போய் காஜா எடு, போ."

அவள் நூல்கண்டோடு போய்விட்டாள். தலை மறைந்ததும், வண்டியோடு வந்த கையேட்டை அவசரமாகப் புரட்டினார். அந்தப் பக்கத்தின் அடியில் ஒரு டீ கிளாஸ் வட்டம். துடைத்தார். சக்கரங்கள் தரையில் நின்று, வண்டியின் பாரம் இறங்கிய பிறகே நட்டுகளை இறுக்கவும் என்று கொட்டை எழுத்தில் இருந்தது. கடைசி வரி.

நிமிர்ந்து சுவரைப் பார்த்தார். சாக்கட்டியில் மூன்று கட்டம், மிஷினுக்கும் மேஜைக்கும் துணிக்குமான இடம். இன்னும் இரண்டு நாள் அவள் வாயை மூடிக்கொண்டு இருந்திருந்தால் ஷெட் அவளுடையது. நெஞ்சுக்குள் என்னவோ செய்தது. கிரீஸ் வாடைதான் என்று சொல்லிக்கொண்டார்.

சக்கரங்களுக்கு அடியில் கட்டைப்பலகை கொடுத்து, வண்டி தன் காலிலேயே நிற்க, அடியில் ஊர்ந்து நட்டுகளைத் தளர்த்தினார். பெருமூச்சு விட்டபடி கார் தணிந்தது. மறுபடி இறுக்கினார். மறுபடி நூல் பிடித்தார். இந்தத் தடவை நூலைக் கேட்டு வாங்கினார்.

ஞாயிற்றுக்கிழமை ஷெட்டுக்குள்ளேயே அவள் ஏறி உட்கார்ந்தாள். "என்னங்க, தரையில உக்காந்த மாதிரி இருக்கு."

அவர் கியரைப் போட்டார். பதினோரு வருஷப் பழக்கம், கை தானாக ஸ்டியரிங்கைக் கால் சுற்று வலப்பக்கம் திருப்பியது. வாழ்க்கையில் முதல்முறையாகக் கார் சொன்ன பேச்சைக் கேட்டது. ஷெட்டின் வலப்பக்கக் கதவு கீலோடு பிய்த்துக்கொண்டு விழுந்தது.

அவர் மெல்ல மனைவியைப் பார்த்தார். அவள் பின்னால் திரும்பி, சாக்கட்டிக் கட்டங்களின்மேல் விழுந்த வெயிலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நல்ல வெளிச்சம். மிஷினை இங்க போட்டுக்கறேன். வண்டி வாசல்ல நிக்கட்டும்."

"அப்ப... பழைய இரும்புக்காரர்?"

"வண்டி நேராத்தான் போச்சு. கோணல் நீங்கதான். உங்களை அவர் எடுத்துக்க மாட்டாரு. ஓட்டுங்க, தங்கச்சி காத்துக்கிட்டிருப்பா."