எழுபத்தெட்டு டிகிரி, கோட்டும் எடுத்துக்கொள்ளவும்

வானிலை சொல்கிற வேலையில், சரியாகச் சொன்ன நாளுக்கு யாரும் போன் செய்வதில்லை.

நான் பதினாலு வருஷமாக இந்த வேலையில் இருக்கிறேன். டிவியில் மேப்புக்கு முன்னால் நின்று கையை வீசுகிற வேலை இல்லை. நியூஜெர்சியில் பார்சிப்பனி என்ற ஊரில் ஒரு பல் டாக்டர் கிளினிக்குக்கு மேல்மாடியில் சின்ன ஆபீஸ், மொத்தம் எட்டுப் பேர். சந்தா கட்டியவர்களுக்கு அவரவர் தெருவுக்கு, அவரவர் தோட்டத்துக்கு என்று தனித்தனியாக வானிலை எழுதித் தருவோம். சந்தேகம் வந்தால் போன் செய்து கேட்கலாம். கான்கிரீட் போடுகிறவர்கள், பெயின்ட் அடிக்கிறவர்கள், பள்ளிக்கூடங்கள், பழத்தோட்டக்காரர்கள் எல்லோரும் கேட்பார்கள். குளிர்காலத்தில் எங்களுக்குக் கொஞ்சம் மரியாதை உண்டு. மார்ச் பாதியில் அது போய்விடும். காலையில் ஹீட்டர், மத்தியானம் ஏசி, சாயங்காலம் மழை, மறுநாள் மறுபடி ஹீட்டர் என்று மே கடைசி வரை நியூஜெர்சி எங்களைப் படுத்தி எடுக்கும்.

போனில் மேகப் படத்தைப் பார்த்துக் குடையைத் தூக்கிக்கொண்டு போய், நாள் முழுக்க வெயிலில் அதைச் சுமந்து திரும்பிய அனுபவம் உங்களுக்கும் இருக்கும். அந்தப் படத்தைப் போடுகிற கூட்டத்தில் நானும் ஒருத்தி என்பதால் என்மேல் கோபம் இருந்தால் நியாயம்தான். ஆனால் நானும் குடையில்லாமல் நனைந்தவள்தான். இந்தக் கதைகளில் வருகிறவர்களில் பெரும்பாலானவர்கள் என்னிடம் ஆங்கிலத்தில் பேசியவர்கள். என் மனசில் பதிந்தபடி தமிழில் எழுதியிருக்கிறேன்.

பறவைச் சத்தம்

ஃப்ராங்க் வீட்டு வாசல்களுக்குக் கான்கிரீட் போடுகிற கான்ட்ராக்டர். போட்ட முதல் சில மணி நேரத்துக்குள் மழை விழுந்தால் மேல்பரப்பு அம்மை வடு மாதிரி ஆகிவிடும், உடைத்துவிட்டு மறுபடி போட வேண்டும். அதனால் காலை ஆறு மணிக்கெல்லாம் கூப்பிட்டுவிடுவார். நான் வேலைக்குச் சேர்ந்த புதிது. மழைக்கு நாற்பது சதவீத வாய்ப்பு என்றேன். "அதை வச்சுக்கிட்டு நான் என்ன பண்றது? உங்க வீட்டு வாசலா இருந்தா இன்னைக்குப் போடுவீங்களா, மாட்டீங்களா?" என்று கேட்டார். கொஞ்சம் யோசித்துவிட்டு, போடமாட்டேன் என்றேன். மிக்ஸர் லாரியைத் திருப்பி அனுப்பினார். நாலு ஆட்களையும் வீட்டுக்குப் போகச் சொல்லிவிட்டார்.

மழை முப்பது மைல் தெற்கே விலகிப் போய்விட்டது. எங்கள் பக்கம் ஒரு சொட்டு இல்லை. இரண்டு மணிக்கு போன் வந்தது. எடுத்து ஹலோ சொன்னேன், பதில் இல்லை. ஏதோ கீச்கீச்சென்று மட்டும் கேட்டது. லைன் சரியில்லை என்று நினைத்து வைக்கப் போகும்போது ஃப்ராங்க் நிதானமாகப் பேசினார்: "கேக்குதா? லாரி ஜன்னல் வழியா போனை வெளிய நீட்டியிருக்கேன். அது பறவைங்க. மழைன்னா அதுங்க இப்படிக் கத்தாது."

ஜாக்கெட் மேஜை

என் மகள் மீரா மூன்றாம் வகுப்பில் இருந்தபோது ஒரே ஏப்ரலில் மூன்று ஜாக்கெட் தொலைத்தாள். அவளைக் குற்றம் சொல்ல முடியாது. ஸ்கூல் பஸ் வரும்போது நடுங்கவைக்கிற முப்பத்தெட்டு டிகிரி (இங்கே எல்லாம் ஃபாரன்ஹீட் கணக்கு), விளையாட விடும்போது எழுபது. கழற்றிப் போட்ட இடத்தில் அது கிடக்கும், இவள் டீஷர்ட்டோடு வந்து நிற்பாள். எங்கேடி என்று தமிழில் கேட்டால், "இட் வாஸ் ஹாட், அம்மா" என்று பதில் வரும்.

தேடிக்கொண்டு பள்ளி ஆபீசுக்குப் போனேன். தொலைந்த பொருள்களுக்கென்று அங்கே ஒரு நீள மேஜை உண்டு. அதன்மேல் என் தோள் உயரத்துக்கு ஜாக்கெட் குவிந்திருந்தது. நான் ஒவ்வொன்றாகப் புரட்டுவதை ஆபீஸ் செக்ரட்டரி அம்மாள் பார்த்துக்கொண்டே இருந்தார். நான் என்ன வேலை பார்க்கிறேன் என்று அவருக்குத் தெரியும். மூன்றில் இரண்டு கிடைத்தது. கிளம்பும்போது சொன்னார்: "உங்க ஆபீஸ்ல இதுக்கு பெரிய பெரிய கம்ப்யூட்டர் வச்சிருப்பீங்க. இங்க நான் காலையில இந்தக் குவியலைப் பார்ப்பேன், நேத்து எவ்வளவு சூடுன்னு தெரிஞ்சிடும்."

வால்ட்டின் கோட்டு

வால்ட் எனக்கு அடுத்த நாற்காலி. அறுபது தாண்டியவர், பேச்சு குறைவு. வாரத்தில் இரண்டு நாள் பகல்நேர அறிக்கை அவர் பொறுப்பு. ஏப்ரல் மாதம் ஒரு புதன்கிழமை, அதிகபட்சம் எழுபத்தெட்டு டிகிரி, நல்ல வெயில் என்று எழுதி அவர் பெயரிலேயே அனுப்பினார். நான் அரைக்கைச் சட்டையோடு சந்தோஷமாகச் சாப்பிடப் போனேன்.

இந்த ஊர் வசந்தத்தில் ஒரு வில்லங்கம் உண்டு. குளிர் வழக்கமாக வடமேற்கிலிருந்து வரும். சில நாள் மட்டும் வடகிழக்கிலிருந்து, கடலை ஒட்டிக்கொண்டு, கொல்லைப்புறமாக நுழையும். அட்லான்டிக் அப்போதும் ஐஸ் தண்ணீர்தான். கடை வாசல் பெஞ்சில் உட்கார்ந்து பாதி சான்ட்விச் சாப்பிட்டிருப்பேன், காற்று திரும்பியது. மீதிப் பாதியைச் சாப்பிட்டு முடிப்பதற்குள் எழுபத்தைந்திலிருந்து ஐம்பத்திரண்டுக்கு இறங்கிவிட்டது. நடுங்கிக்கொண்டு மாடி ஏறி வந்தால், வால்ட் தடிமனான கம்பளிக் கோட்டில் உட்கார்ந்து காப்பி குடித்துக்கொண்டிருந்தார். காலையில் வரும்போதே போட்டுக்கொண்டு வந்த கோட்டு. எல்லாக் கம்ப்யூட்டர் கணிப்பும் எழுபத்தெட்டு என்றுதானே காட்டியது, நீங்களும் அதைத்தானே எழுதினீர்கள் என்று கேட்டேன். கோப்பையைக் கீழே வைத்தார். "ஆமா. கம்பெனிக்கு எழுபத்தெட்டு. எனக்குக் கோட்டு."

ஐயர் குறித்த நாள்

வேலை நேரத்தில் கேட்கிறவர்கள் சந்தா கட்டியவர்கள். சனி ஞாயிறில் கேட்கிறவர்கள் நம் ஆட்கள். ஒரு பிறந்தநாள் பார்ட்டியில் கையில் தட்டோடு நின்ற என்னை டாக்டர் அன்ரி பிடித்துக்கொண்டார். யாழ்ப்பாணத்துக்காரர், முப்பது வருஷம் குழந்தை டாக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். மகளின் நிச்சயதார்த்தத்தை வீட்டுப் பின்பக்கப் புல்வெளியில் வைக்க ஏற்பாடு செய்துகொண்டிருந்தார்.

"பிள்ளை, மே மாசம் மூண்டாம் சனிக்கிழமை மழை வருமோ?"

"இன்னும் ஏழு வாரம் இருக்கு அன்ரி. பத்து நாளைக்கு முன்னாடி கேளுங்க, ஓரளவு சொல்லிடறேன்."

"பத்து நாளைக்கு முன்னம் டென்ட்காரன் டென்ட் தரமாட்டான். நீங்கள் இப்ப சொல்லுங்கோ. ஓமோ, இல்லையோ?"

ஏழு வாரத்துக்கு முன்னால் சொல்வது அறிவியல் இல்லை, வெறும் ஊகம் என்று விளக்கினேன். காற்று மண்டலம் எவ்வளவு சிக்கலானது என்றும் சொன்னேன். ஒரு நோயாளியின் தாய் பேசுவதைக் கேட்கிற மாதிரி பொறுமையாகக் கேட்டார். பிறகு என் தட்டில் இன்னொரு வடையை வைத்துவிட்டுச் சொன்னார்: "ஐயர் நாள் சொல்லி நாலு மாசமாச்சு. அவர் ஒருக்காலும் பத்து நாளைக்கு முன்னம் வந்து கேளுங்கோ எண்டு சொன்னதில்லை."

எந்த வியாழக்கிழமை

பழைய கட்டிடங்கள் சிலவற்றில் அறைகளைச் சூடாக்குகிற தண்ணீருக்கும் குளிராக்குகிற தண்ணீருக்கும் ஒரே குழாய்தான். வசந்தத்தில் ஒருமுறை ஹீட்டரை நிறுத்தி ஏசிக்கு மாற்றுவார்கள். மாற்ற இரண்டு நாள் ஆகும். மாற்றிவிட்டால் இலையுதிர் காலம் வரை திரும்ப முடியாது. அப்படி ஒரு முதியோர் குடியிருப்பு எங்கள் வாடிக்கையாளர். மேனேஜர் பெயர் டோலரஸ். சீக்கிரம் மாற்றினால் கிழவர்கள் குளிரில் நடுங்குவார்கள், தாமதித்தால் வேர்த்து மயங்குவார்கள். அவருக்கு ஒரு தேதி வேண்டும். ஏப்ரல் கடைசிச் செவ்வாய் என்று நான் சொன்னேன்.

எட்டு நாள் நான் சொன்னபடியே நடந்தது. ஒன்பதாம் நாள் கடலில் ஒரு காற்றழுத்தத் தாழ்வு வந்து உட்கார்ந்து, நகராமல் மூன்று நாள் மழையாகப் பெய்தது. பகலிலேயே நாற்பத்துநாலு டிகிரி. எல்லோரும் கோட்டும் தொப்பியுமாகச் சாப்பாட்டு அறையில் உட்கார்ந்திருப்பதாக டோலரஸ் சொன்னார். வெளியிலிருந்து கம்பளி வரவழைத்திருந்தார். என்னை ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. ஆனால் அங்கே குடியிருக்கிற ஒருவர் கேட்டதும் என் நம்பரைக் கொடுத்துவிட்டார்.

"வெயில் காலம் வந்தாச்சுன்னு முடிவு பண்ணின பொண்ணு நீதானா?" என்று ஒரு கிழக்குரல் கேட்டது. நான்தான் என்றேன். மன்னிப்புக் கேட்டேன். "என் பேர் எலினார். தொண்ணூத்தொண்ணு வயசு. குளிர் எனக்குப் புதுசு இல்ல. என் கோட்டுல மேல் பட்டனை என்னால போடவும் முடியல, கழட்டவும் முடியல, நர்ஸ் வரணும். அதனால எப்போ கழட்டலாம்னு மட்டும் தெரிஞ்சா போதும்." வரைபடங்களை மறுபடி ஒருமுறை பார்த்துவிட்டு, வியாழக்கிழமை கழற்றலாம் என்றேன். எலினார் கேட்டார்: "எந்த வியாழக்கிழமை?"

பத்துப் பூ

இதை எழுதலாமா வேண்டாமா என்று பல நாள் யோசித்தேன். ரே, மேற்கே ஹன்டர்டன் பக்கம் பீச் பழத்தோட்டம் வைத்திருப்பவர். ஏப்ரல் பாதியில் அவர் மரங்கள் பூத்து நிற்கும். ஃபாரன்ஹீட்டில் முப்பத்திரண்டு டிகிரியில் தண்ணீர் உறையும். அதற்கும் நாலைந்து டிகிரி கீழே போனால் பூ செத்துவிடும். அப்படிப்பட்ட நாளில் ரே ஒரு ஹெலிகாப்டரை வாடகைக்கு வரவழைப்பார். அது மரங்களுக்கு மேல் சுற்றிச் சுற்றிப் பறந்து, மேலே இருக்கிற வெதுவெதுப்பான காற்றைக் கீழே தள்ளும். அதைச் சாயங்காலத்துக்குள் சொல்லிவைக்க வேண்டும். ஒரு ஏப்ரலில் அப்படி ஒரு நாள், சாயங்காலம் நாலு மணிக்குக் கேட்டார். மேகம் போர்வை மாதிரி மூடியிருக்கும், முப்பத்தொன்றுக்குக் கீழே போகாது, ஹெலிகாப்டர் வேண்டாம் என்றேன். அந்த மேகம் விடியும்வரை நிற்குமா என்று வால்ட் மெதுவாகக் கேட்டார். எனக்கும் அந்தச் சந்தேகம் இருந்தது. ஆனால் இத்தனை வருஷத்தில், ஆமாம் அல்லது இல்லை என்று சொன்னால்தான் கேட்கிறவர்களுக்குப் பிடிக்கிறது என்று கற்றுவைத்திருந்தேன். சந்தேகத்தை நான் மனசிலேயே வைத்துக்கொண்டேன்.

காலையில் ஆபீசுக்கு வந்து திரையைப் பார்த்ததும் தெரிந்துவிட்டது. மேகம் பாதி ராத்திரியிலேயே கலைந்திருந்தது. அவர் தோட்டத்துப் பள்ளத்தில் இருபத்தைந்து காட்டியது. நானே கூப்பிட்டேன். ரே எடுத்து, "பார்த்துட்டேன்" என்று மட்டும் சொன்னார். சனிக்கிழமை ஒரு மணி நேரம் காரோட்டிக்கொண்டு போனேன். எதற்கு என்று எனக்கே தெரியவில்லை. செந்தில், என் கணவர், "அங்க போய் என்ன பண்ணப் போற?" என்று கேட்டபோது நான் கார் சாவியைத் தேடிக்கொண்டிருந்தேன்.

வெளியிலிருந்து பார்க்க மரங்கள் அழகாகத்தான் இருந்தன, ஒரே ரோஸ் நிறம். ரே கீழ்ப் பள்ளத்திலிருந்து பத்துப் பூ பறித்து, டிரக்கின் முன்மூடிமேல் வரிசையாக வைத்து, பேனாக்கத்தியால் ஒவ்வொன்றாகப் பிளந்தார். உயிரோடு இருந்தால் நடுவில் பச்சை இருக்கும், செத்திருந்தால் கறுப்பு. ஒன்பது கறுப்பு. மேட்டிலிருந்து இன்னொரு பத்து. அதில் கறுப்பு மூன்றுதான். அந்த வருஷப் பழம் மேட்டிலிருந்துதான் வரும் என்றார். எனக்குச் சந்தேகம் இருந்ததையும், சொல்லாமல் விட்டதையும் அவரிடம் சொன்னேன். கத்தியைத் துடைத்து மடக்கிப் பையில் போட்டுக்கொண்டார். கோபப்படுவார் என்று காத்திருந்தேன். "அடுத்த தடவை சந்தேகமா இருந்தா, சந்தேகமா இருக்குன்னே சொல்லிடுங்க. ஹெலிகாப்டர்காரனைக் கூப்பிடறது எனக்குப் பெரிய வேலை இல்ல. பூவை மறுபடி ஒட்டவைக்கத்தான் எனக்குத் தெரியாது."

அந்த ஏப்ரலுக்குப் பிறகு என் அறிக்கைகள் எல்லாவற்றிலும் கடைசியில் 'இதில் எனக்குச் சந்தேகம் உண்டு' என்று தொடங்கும் ஒரு வரி இருக்கிறது. நான் எழுதியதில் இதுவரை ஒருநாள்கூடப் பொய்க்காத வரி அது ஒன்றுதான்.